காது மட்டும் பாக்கி

ஜூன் 3, செவ்வாய்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. ஜெசிந்தா மண் பிசைய நிரப்பி வைத்திருந்த இரண்டு குடத்தில் ஒன்றை எடுத்து நான் குளித்துவிட்டேன். அதற்கு அவள் போட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும்.

"ஏட்டி கோகி, நீ ஒரு நாள் குளிக்காட்டா என்ன குடியா முழுகிப்போகும்? எம் மண்ணு காஞ்சா எவ பதில் சொல்லுவா?"

அடுத்து என் அப்பாவையும் அம்மாவையும் இழுத்திருப்பாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. இப்போதெல்லாம் அவளுடைய திட்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. எல்லாம் தூசி. இந்தக் கட்டடம் முழுக்கத் தூசி. ஒரு நாள் உட்கார்ந்து ஒட்டடை அடிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

செப்டம்பரில் சென்னையில் நடக்கப்போகும் கண்காட்சிக்கு எங்களைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஜெசிந்தா மச்சாது, தூத்துக்குடி. கோகிலவாணி, சென்னிமலை. ஓவியக் கல்லூரியில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். அவர் சிற்பம், இவர் நெசவு. பழவேற்காட்டில் மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கம்பெனியை வாடகைக்கு எடுத்து, ஏரியைப் பார்த்து, ஏரியோடு பேசி...

கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. ஏரியோடு இங்கே யார் பேசுகிறார்கள்? மீனவர்கள் தூக்கிப் போட்ட கிழிந்த வலைகளைப் பொறுக்கி வருகிறேன். துவைத்து, கயிறாக வெட்டி, பருத்திப் பாவுக்குக் குறுக்கே கொடுத்து நெய்கிறேன். முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கிறது. கடல் தண்ணீர் உள்ளே வருவதில்லை, மீன் குறைந்துபோயிற்று. வலை மட்டும் ஏகத்துக்குக் கிடைக்கிறது. ஜெசிந்தா கல்லூரி முடித்த நாளிலிருந்து கருங்கல் கொத்தினாள். மூக்கை மறைத்து ஒரு துணியாவது கட்டிக்கொள் என்றால், "கல்லு என்ன நெனைக்கும்?" என்பாள். போன வருடம் டாக்டர் இனிமேல் கல்லைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இப்போது களிமண். விஷயம் அவ்வளவுதான். டாக்டர் இன்னும் என்னவோ சொன்னார், எனக்கு ஞாபகமில்லை.

ஜூன் 9, திங்கள்

தேசம்மா வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஏரிக்கரையில் இருளர் குடியிருப்பில் இருப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பாள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடுவதற்குப் பறி என்று ஒரு சின்ன ஓலைக்கூடை, அதைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். ஜெசிந்தா அந்தக் கோலத்தைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். தண்ணீரில் குந்தியிருக்கும் ஒரு பெண், வாயில் பறி, கை முழங்கைக்குக் கீழே தெரியாது. அளவெல்லாம் நிஜ ஆளின் அளவு.

தேசம்மா சிலையைச் சுற்றி வந்து பார்த்தாள். அவளுக்குத் திருப்தியில்லை.

"இன்னாமா, எம் மூக்கு இம்மாம் பெர்சா? இது எனுது இல்ல. அன்னிக்கு வந்தாரே ஒங்க அண்ணன், அவரு மூக்கு கணக்கா கீது."

ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"காது எங்கமா?"

"காது கடைசிலதான்," என்றாள் ஜெசிந்தா.

கல்லிலும் அவள் அப்படித்தான். காது வரவேண்டிய இடத்தில் ஒரு மேட்டை விட்டுவைத்து, கடைசி நாளில்தான் கொத்துவாள். வேலை செய்யும்போது வாய் மூடாமல் பேசிக்கொண்டே இருப்பாள். பாதி கெட்ட வார்த்தை, பாதி சொந்தக் கவலை. அதெல்லாம் சிலை காதில் விழக்கூடாதாம். இன்று தேசம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, தறிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இங்கன கேக்காதது ரெண்டு. ஒண்ணு இந்த மண்ணு, இன்னொண்ணு அந்தா இருக்கா பாரு. அவ ஒரு காதத் தறிக்கே குடுத்துட்டா."

என் இடது காதுமடல் கிழிந்து தைத்தது. சின்ன வயதில் வளையம் போட்டிருந்தேன். தறியடியில் குனிந்து நிமிர்ந்தபோது பாவு நூலில் மாட்டிக்கொண்டது. தைத்தவர் டாக்டரா தையல்காரரா என்பது எங்கள் வீட்டில் இன்றும் சந்தேகம். அன்றிலிருந்து வலது காதில் மட்டும் தோடு. கல்லூரி முதல் நாளிலிருந்து ஜெசிந்தாவுக்கு இது ஒரு தமாஷ்.

ஜூன் 13, வெள்ளி

ஜெசிந்தா ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கச் சென்னைக்குப் போனாள். கூட வருகிறாயா என்று கேட்டாள். எனக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது, தலை சுற்றிவிடும் என்பது ஊரறிந்த விஷயம். தவிர, புதுப் பாவு பிணைக்கும் வேலை இருந்தது. பாதியில் விட்டால் இழை சிக்கலாகிவிடும். அவள் தனியாகப் போனாள்.

சாயங்காலம் வந்ததும் என் தறிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கோகி, ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லு புள்ள," என்று சொல்லிக்கொண்டே தறி நாடாவை ஓட்டினேன்.

"தறிய நிப்பாட்டிட்டுக் கேளு."

"இந்த வரி முடியட்டும்."

அந்த வரி முடிந்ததும் அடுத்த வரி வந்தது. அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் மண் பிசைந்தாள். அவசரமான விஷயமாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

சாப்பாட்டுக்கு நெத்திலிக் குழம்பு. நன்றாக வந்திருந்தது. நான் மூன்று தரம் போட்டுக்கொண்டேன். அவளும் சாப்பிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

ஒட்டடை அடித்தாயிற்று. இருமல் குறையவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஜெசிந்தாவின் அண்ணன் ஜெரோம் தூத்துக்குடியிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஜெசிந்தாதான் வரச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. மூக்கு நிஜமாகவே அந்தச் சிலையின் மூக்குதான்.

"ஊர்ல வச்சுப் பாத்துக்கிடுதோம்மா. ஆக்ஸிஜன் மிஷினெல்லாம் வாங்கி வச்சாச்சு," என்றார்.

எதற்கு ஆக்ஸிஜன் என்று நான் கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போனபிறகு, நானும் வருகிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"நீ வந்தா இதுக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றாள்.

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. பழைய சேலைத் துணியை நனைத்துப் பிழிந்து சுற்ற வேண்டும். அதற்கு மேல் பாலிதீன். காலையும் மாலையும் அவிழ்த்துப் பார்த்துத் தெளிக்க வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும், தண்ணீர் அதிகமானால் உள்ளே இருக்கும் கம்பிக் கூட்டை விட்டுச் சரிந்துவிடும். சொல்லச் சொல்ல நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்தாள்.

"எல்லாம் முடிஞ்சிட்டு. காது மட்டுந்தான் பாக்கி. நான் வந்து வச்சிருதேன். அதுவரைக்கும் காயவிடாத. நீ இங்கனயே இரு, என்ன?"

சரி என்றேன். பொறுப்பான வேலை. யாராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்.

கார் கிளம்பித் திரும்பும்போது கண்ணாடியை இறக்கி, "அந்தத் தண்ணியையும் குளிச்சுத் தீத்துராத," என்றாள்.

ஜூன் 25, புதன்

காலையில் தெளித்தேன். மாலையில் தெளித்தேன்.

ஜூன் 28, சனி

தெளித்தேன். ஜெசிந்தா போன் பண்ணினாள். மண்ணைப் பற்றி மட்டும் பேசினோம். தோள்பட்டையில் ஒரு மயிரிழை விரிசல் என்றேன். விரலை நனைத்துத் தேய் என்றாள். நடுநடுவே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

மேல்காற்று அனலாக அடிக்கிறது. பத்து மணிக்கு நனைத்த சேலை பன்னிரண்டு மணிக்கு மொறமொறவென்று காய்ந்துவிடுகிறது. பாலிதீனையும் காற்று இரண்டு தரம் பிய்த்துக்கொண்டு போயிற்று. அதனால் ஒரு யோசனை செய்தேன். நான் நெய்து வைத்திருந்த தடித் துணி ஒன்று இருந்தது, வலைக்கயிறு கொடுத்து நெய்தது. அதை நனைத்துத் தலையையும் தோளையும் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டேன். ஈரம் அப்படியே நிற்கிறது. அவிழ்க்கவே வேண்டியதில்லை, மேலாகவே ஊற்றினால் போதும். இந்த எண்ணம் ஜெசிந்தாவுக்கு ஏன் தோன்றவில்லை?

முகம் தெரியாமல் மூடியிருப்பதும் ஒரு விதத்தில் நல்லது. அதுபாட்டுக்கு அங்கே இருக்கிறது, நான்பாட்டுக்கு நெய்கிறேன்.

ஜூலை 9, புதன்

ஐயோ.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. துணியை அவிழ்த்தேன். இடது கன்னம், நெற்றி, கழுத்து, தோள் முழுக்க என் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கிறது. பாவு, குறுக்கே ஓடும் ஊடை, வலையின் முடிச்சு, ஒன்று விடாமல். ஈர மண்ணை இறுக்கிக் கட்டினால் பதியும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் துணியைத் தெரியும், மண்ணைத் தெரியாது.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். தேய்த்த இடத்தில் கன்னம் சப்பையாயிற்று. ஜெசிந்தாவின் விரல் பட்ட இடத்தில் என் விரல் பட்டு, அவளுடைய தடம் ஓரிடத்தில் அழிந்துபோயிற்று. அதற்குமேல் தொடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று நாளாக அவளிடமிருந்து வந்த போனை நான் எடுக்கவில்லை. இன்று எடுத்தேன். வீடியோவில் வந்தாள். மூக்கில் குழாய் இருந்தது. நான் திரையின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினேன். செய்ததைச் சொல்லி, போனைச் சிலைப் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"கிட்டக் கொண்டு போ," என்றாள். பிறகு, "கழுத்துப் பக்கம் காட்டு." பிறகு, "ஏட்டி, தண்ணிக்குள்ள இருக்க மாதிரில்லா இருக்கு."

நான் போனை இன்னும் கிட்டப் பிடித்தேன்.

"மூணு மாசமா நானும் அந்த ஒடம்புல தண்ணியக் கொண்டாரப் பாக்கேன், வரல. நீ கட்டிப்போட்டுத் தூங்கியே கொண்டாந்துட்ட. முதுகயும் சுத்து. காலையும் சுத்து. வாயையும் பறியையும் மட்டும் விட்டுரு."

"நெசமாவா சொல்ற?"

"பொய் சொல்லுததுக்கு எனக்கு எங்கட்டி மூச்சு இருக்கு."

அவள் அதைத் தமாஷாகத்தான் சொன்னாள்.

ஜூலை 17, வியாழன்

முதுகும் காலும் முடிந்தன. இதற்கென்று இரண்டு துணி புதிதாக நெய்தேன். இடுப்புக்குக் கீழே வரவர ஊடையை நெருக்கி, மேலே வரவர விலக்கி நெய்தேன். தண்ணீர் அடியில் கனமாகவும் மேலே லேசாகவும் இருக்கும் அல்லவா, அதற்காக. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்திருக்கிறோம், ஒரே பொருளில் இரண்டு பேரும் கை வைத்தது இதுதான் முதல் தடவை. கண்காட்சிக்கு இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். அவள் வந்ததும் எந்தப் பெயர் முதலில் என்று சண்டை வரும்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெரோம் அண்ணனின் மனைவி பிரின்சி அக்கா கூப்பிட்டார்.

"கோகி, ஒருக்கா வந்துட்டுப் போம்மா. அவ ஒண்ணும் சொல்லமாட்டா. வாசல்ல கார் சத்தம் கேட்டா மட்டும் எட்டிப் பாக்கா."

மண்ணை விட்டுவிட்டு எப்படி வருவது என்று விளக்கமாகச் சொன்னேன். காற்று, வெயில், வெடிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா," என்று வைத்துவிட்டார்.

தேசம்மா இறால் கொண்டுவந்தவள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் ஊத்தமாட்டனா? போய்ட்டு வாமா," என்றாள். உங்களுக்கு மண்ணில் கைப்பழக்கம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

தெளித்தேன். நெய்யவில்லை.

ஜூலை 23, புதன்

சென்னையிலிருந்து அச்சு எடுக்கும் மாசிலாமணி வந்தார். மண் சிலை மேல் பிளாஸ்டர் பூசி அச்சு எடுத்து, அதிலிருந்து வெண்கலமோ சிமெண்டோ வார்ப்பார். அச்சு எடுத்தால் உள்ளே இருக்கும் மண் சிதைந்துவிடும், மிஞ்சாது. அதனால் போன மாதம் ஒரு தடவை, இந்த மாதம் ஒரு தடவை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். இன்று சொல்லாமல் வந்துவிட்டார்.

சிலையை நன்றாகச் சுற்றிப் பார்த்தார். "சூப்பரா கீது மேடம். இதுக்கு மேல வெச்சிருந்தா உள்ள கம்பி துருப்புடிச்சு மண்ணு உதிரும். காதுதானே பாக்கி? நான் வெச்சித் தரேன். எத்தினியோ சாமிக்கு வெச்சிருக்கேன்."

"அது ஜெசிந்தா வெக்கணும்."

"அப்ப வந்து வெக்கச் சொல்லுங்க. ஒரு வாரம் வெயிட் பண்றேன்."

"அவ வரமாட்டா," என்றேன்.

சொன்னது என் வாய்தான். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. மாசிலாமணி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் போனபிறகு மண் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். அவள் வரமாட்டாள். ஜூன் மாதமே எனக்குத் தெரியும். டாக்டர் சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு வார்த்தையும்.

அவளால் மண்ணிடம் வர முடியாது. மண்ணை அவளிடம் கொண்டு போகலாம். இது தோன்றுவதற்கு எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

ஜூலை 26, சனி

தொட்டியிலிருந்து ஓர் உருண்டை மண் எடுத்து, ஈரத் துணி சுற்றி, எவர்சில்வர் தூக்கில் வைத்து ரயில் ஏறினேன். எதிரே இருந்த அம்மா, இட்லி மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாலிதீனையும் சாவியையும் தேசம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, "போமா, ரயிலு போய்டப் போவுது," என்றாள்.

தூத்துக்குடியில் இன்று பனிமய மாதா கோயில் கொடியேற்றம். தெருவெல்லாம் கூட்டம், ஆட்டோ உள்ளே வராது என்று சொல்லிவிட்டார்கள். தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன்.

ஜெசிந்தா பாதி ஆளாகிவிட்டிருந்தாள். கை மட்டும் பழைய கை. அறையில் மருந்து வாடை, மிஷின் சத்தம். எனக்குத் தலை சுற்றவில்லை.

"மண்ண விட்டுட்டா வந்த?"

"தேசம்மா பாத்துக்கறாங்க."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்ததைப் பார்த்தாள். "அது என்ன, கொழம்பா?"

திறந்து காட்டினேன். அவள் உள்ளே விரலை விட்டு மண்ணை நிமிண்டிப் பார்த்தாள். "ஒரு சொட்டு தண்ணி கூடிப்போச்சு," என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று பத்து நிமிடம் பிசைந்தாள். பிறகு தூங்கிவிட்டாள். தூங்கும்போதும் மண் கையில் இருந்தது. எடுக்கவில்லை.

ஜூலை 28, திங்கள்

தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்கார வைத்தோம். மடியில் பலகை, பலகையில் மண், கையில் ஒரு ஈர்க்குச்சி. நான் கட்டிலில் அவளுக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

"சன்னலப் பாத்துத் திரும்பி உக்காரு. வெளிச்சத்த மறைக்க."

திரும்பி உட்கார்ந்தேன். கீழே தெருவில் திருவிழாக் கடைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வேலை செய்தாள். வேலை செய்துகொண்டே பேசினாள், எப்போதும் போல. தறி இல்லை. என் கையில் ஒரு நூல்கூட இல்லை. கேட்டேன்.

ரிப்போர்ட் வாங்கிய அன்று ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு கரும்பு ஜூஸ் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். மூச்சு முட்டும்போது கிணற்றுக்குள் இருப்பது மாதிரி பயமாக இருக்கிறது என்றாள். அம்மா பக்கத்தில் புதைக்க வேண்டும், அண்ணன் வேறு இடம் பார்ப்பார், விடாதே என்றாள். இன்னும் நிறையச் சொன்னாள். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எனக்குச் சொன்னது.

நடுவில் ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கோகி, அந்த மண்ண ஈரத்துணி சுத்தி, நல்லா பாலிதீன் போட்டுக் கட்டிட்டா ஒரு வாரத்துக்கு ஒண்ணும் ஆவாது. தெரியும்லா?"

"தெரியும்," என்றேன்.

"ஒனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்பறம் எதுக்குத் தெனமும் ஊத்தச் சொன்ன?"

"நீ வரமாட்டன்னு நெனச்சேன். நீ சும்மா வராம இருந்தன்னு வையி, பொறவு காலம் பூரா ஒன்னய நீயே தின்னுருவ. மண்ணு பாக்க ஆள் இல்ல, அதான் போகலன்னு சொல்லிக்கிடலாம்லா."

நான் அவள் பக்கம் திரும்பப் போனேன்.

"திரும்பாத. வெளிச்சம்."

சன்னலைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவள் நிறுத்தாமல் வேலை செய்தாள்.

ஜூலை 30, புதன்

ஒரு காது முடிந்தது. இடது காது. பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு நாளைக்கி," என்றாள். அதைப் பார்க்கும்போது எனக்கு அவள் கையைத்தான் பார்க்கத் தோன்றியது. நகக்கண்ணில் மண். பிரின்சி அக்கா கழுவ வந்தார், அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்று காலை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவின் பக்கத்தில்தான் அடக்கம். ஜெரோம் அண்ணன் புது இடம் என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. இந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் என்னைப் பார்த்துவிட்டு, சரிம்மா என்று சொல்லி அழுதார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பழவேற்காடு திரும்பினேன். காதை ஜெசிந்தாவின் மெல்லிய கைக்குட்டையில் சுற்றித் தூக்குக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். தடித் துணி வேண்டாம் என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்திருந்தது. அவளுடைய வேலையில் ஒரு கோடுகூட அழியவில்லை.

சிலை நான் விட்டபடியே ஈரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டதைவிட நன்றாக.

ஆகஸ்ட் 7, வியாழன்

மண்ணைக் குழம்பாகக் கரைத்து இடது காதை ஒட்டினேன். வலது பக்கம் அவள் விட்டுவைத்த மேடு அப்படியே இருக்கிறது. மாசிலாமணி அதைப் பார்த்தார். பிளாஸ்டர் மூட்டையைப் பிரித்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பினார்.

அச்சு எடுப்பதைப் பார்க்கத் தேசம்மா வந்திருந்தாள். வழக்கம்போலச் சுற்றி வந்தாள். தோளில் பதிந்த நெசவைத் தடவிப் பார்த்து, "தண்ணி கணக்காவே கீது," என்றாள். இடது பக்கம் வந்ததும் நின்றாள். குனிந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"மூக்குதான் எனுது இல்லனு பாத்தா, காதும் எனுது இல்ல. எங்காதுல மூணு ஓட்ட இருக்குது. இது கிழிஞ்சி தச்ச காது. ஒங்காதுமா இது."

என் காதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? தொட்டுத்தான் பார்த்தேன். மடலின் நடுவில் அந்தத் தழும்பு, கீழே கொஞ்சம் கோணலாகச் சேர்ந்த ஓரம். பிறகு மண்ணைத் தொட்டேன். விரலுக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. சன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார், வெளிச்சத்தை மறைக்கிறாய் என்றாள் ஜெசிந்தா அன்று. வெளிச்சம் என் வலது பக்கத்திலிருந்து வந்தது, திரும்பியதும் என் இடது காதுதான் அவள் பக்கம் இருந்தது. நான் எதையும் மறைக்கவில்லை.

"ஆரம்பிக்கட்டுமா மேடம்?" என்றார் மாசிலாமணி.

கொஞ்ச நேரம் கொடுங்கள் என்றேன். அவரும் தேசம்மாவும் டீ குடிக்கப் போனார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. தறியும் ஓடவில்லை. அவர்கள் திரும்பி வந்ததும் ஆரம்பிக்கச் சொன்னேன்.